ஃபிரிட்ஜின் மேல் தட்டு

ஃப்ளோராவின் கடை ஃபிரிட்ஜில் மேல் தட்டு ஏப்ரல் மாதத்திலிருந்து விற்பனைக்கு இல்லை. பன்னீர் சோடா, கோலி சோடா, மோர் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் கீழ்த் தட்டுகளில் இடித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, மேல் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு மண்தொட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு செடி. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறவர்களுக்கு அது கீரையா, முள்ளங்கி இலையா, குட்டிக் கோசா என்று பிடிபடாது. கேள்வி கேட்காமல் சோடா குடித்துவிட்டுப் போகிற ஆள் கத்திவாக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆகையால் ஃப்ளோரா ஒரு நாளைக்கு இருபது தடவை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அது விக்கிறதுக்கு இல்ல. எம் மருமவ செடி."

"செடிய எதுக்குக்கா ஃபிரிட்ஜில வச்சிக் கீற?"

"வெளிய வச்சா அதுக்கு வேர்க்கும்."

பதில் கிண்டல்தான் என்றாலும் பொய் இல்லை. மருமகள் மாயா சிக்கிம் பக்கத்துக்காரி. பத்தாயிரம் அடி உயரத்தில், வருடத்தில் நாலு மாதம் பனி மூடிக் கிடக்கிற ஊர். புரசைவாக்கத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வேலைக்கு வந்தவள், கப்பலில் ஃபிட்டர் வேலை பார்க்கும் ஃப்ளோராவின் மகன் சாலமன் கண்ணில் பட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய தமிழ் முழுக்கப் பார்லரிலும் தெருவிலும் பொறுக்கியது. தொலைக்காட்சிச் செய்தி புரியாது. தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போடுவாள்.

போன மார்ச்சில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரப் பாசி சுற்றி அந்தச் செடியின் வேரைக் கொண்டுவந்தாள். பிரிமுலா என்று பெயர். அவள் ஊரில் பனி உருகினதும், புல் முளைப்பதற்கு முன்னாலேயே, கல் சுவர் ஓரங்களில் தலைநீட்டுமாம். கொல்லைப்புறத்தில் ஒரு நாள் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் இலையெல்லாம் அரைவேக்காட்டுக் கீரையாகத் தொங்கிவிட்டது. மாயா தொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜின் முன்னால் வந்து நின்றாள்.

"மம்மி, இதுல வைக்கலாமா?"

ஃப்ளோரா முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் முந்திக்கொண்டார். "வச்சிட்டுப் போட்டும் ஃப்ளோரா. மேல் தட்டு உனக்கு எட்டக்கூட எட்டாது."

அதுவும் உண்மைதான். ஃப்ளோரா அவ்வளவுதான் உயரம். ஸ்டானிஸ்லாஸ் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவர். குளிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவர் சொன்னால் வீட்டில் அப்பீல் கிடையாது.

மாயா அதற்குச் செய்த பணிவிடையைப் பார்த்து ஃப்ளோராவே அசந்துபோனாள். கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து பொடி ஜல்லி வாங்கி வந்து கழுவி, பாதி ஜல்லி, பாதி மண் என்று கலந்தாள். குழாய்த் தண்ணீர் உப்பு, ஆகாது. கேன் தண்ணீர்தான். அதையும் மேலே ஊற்றக் கூடாது. தட்டில் ஊற்றித் தொட்டியை அதில் வைத்து, அது வேண்டிய மட்டும் உறிஞ்சினதும் எடுத்துவிட வேண்டும். காலையிலும் சாயங்காலமும் கால் மணி நேரம் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து காற்று காட்ட வேண்டும். கரண்ட் பில்லை நினைத்து ஃப்ளோரா பல்லைக் கடித்தாள். ஏப்ரல் கடைசியில் இலை நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பி, அதன் தலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஊதாப் பூ உருண்டை ஒன்று விரிந்தது. தெருவே வந்து பார்த்தது. வந்தவர்கள் சும்மா போக முடியாமல் ஆளுக்கொரு சோடா குடித்தார்கள். அன்றைக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூனில் சாலமன் கப்பலேறினான். எட்டு மாதக் காண்ட்ராக்ட். ஜூலையில்தான் ஃப்ளோரா அந்தப் பேச்சைப் பேசினாள்.

மீன் விற்கிற முத்தம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு மோர் குடிக்கிற நேரம். "இன்னா ஃப்ளோரா, உம் மருமவ மூஞ்சி வாடிக் கீது?" என்று கேட்டாள்.

"மலையில பொறந்தவ. இந்தப் பொகையில எத்தினி நாளு தாங்குவா? கப்பலு வர்றதுக்குள்ள கெளம்பிடுவா, பாரு."

சொல்லிவிட்டுத் திரும்பினால் திரைச்சீலை ஆடுகிறது. அதற்குப் பின்னால் மாயா காலி பாட்டில் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். கிரேட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உண்மையைச் சொன்னால் ஃப்ளோராவுக்கு மாயாவை ரொம்பப் பிடித்திருந்தது. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று பத்து நாள் சாப்பிடாமல் கிடந்தவள்தான். ஆனால் இந்த இரண்டு வருடத்தில், மகன் போன் பண்ணவில்லை என்றால்கூட அவ்வளவு தெரியவில்லை, மாயா ஞாயிற்றுக்கிழமை தோழிகளைப் பார்க்கப் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. இவள் போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். மற்றவர்கள் பயந்தால் அழுவார்கள், ஜெபம் செய்வார்கள். ஃப்ளோரா பயந்தால் இளக்காரமாகப் பேசுவாள். வாய் அப்படி.

இரண்டு வாரம் கழித்து மாயாவின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆபரேஷன், அப்புறம் எழுந்து நடக்கிறவரைக்கும் ஆள் வேண்டும். மாயா கிளம்பினாள். போன தடவை ஒரே ஒரு சூட்கேஸ்தான் எடுத்துப்போனாள். இந்தத் தடவை இரண்டையும் எடுத்தாள். கடை வாசலில் ஆட்டோவுக்காகக் காத்து நின்ற அந்த இரண்டு சூட்கேஸையும் ஃப்ளோரா இரண்டு தடவை எண்ணினாள்.

"எப்ப வருவ?"

"பாக்கலாம் மம்மி." பிறகு ஃபிரிட்ஜைக் காட்டினாள். "செடியப் பாத்துக்கோங்க. தண்ணி கீழேர்ந்து. காத்து ரெண்டு வேள. அவ்ளோதான்."

ஆட்டோ முனை திரும்பியதும் ஸ்டானிஸ்லாஸ் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று செடியைப் போனில் ஒரு படம் எடுத்தார். எதற்கு என்று ஃப்ளோரா கேட்டாள். இருக்கட்டும், வேண்டியிருக்கும் என்றார்.

அன்றைக்கே ஃப்ளோரா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இந்தச் செடி பிழைத்தால் மாயா வருவாள். செத்தால் வர மாட்டாள். இதில் என்ன நியாயம் என்று அவளைக் கேட்டுப் பயனில்லை. அவள் மனசில் அது அப்படித்தான் பதிந்தது.

இந்த இடத்தில் சாம்பலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்திவாக்கம், எண்ணூர்ப் பக்கம் புதுப்பெண்ணாக வருகிறவள் கையில் முதல் நாளே கொடுப்பது ஈரத்துணி. விடிந்து எழுந்தால் தின்பண்ட ஜாடி, சைக்கிள் சீட்டு, துவைத்துப் போட்ட புடவை, மாதா சுரூபத்தின் தலை, எல்லாவற்றிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் மாவு தூவினாற்போலப் படிந்திருக்கும். துடைத்துவிட்டுத்தான் பல் துலக்குவது. ஃப்ளோரா முப்பது வருடமாகத் துடைக்கிறாள். வாழை இலையை, துளசியை, முருங்கைக் கன்றைக்கூட இங்கே துடைப்பார்கள். துடைக்காத இலை மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பது ஊர் அனுபவம்.

மாயா போன மறுநாள் காலையில் ஃப்ளோரா ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டைப் பார்த்தாள். செடியின் இலைகளில், அடிப்பக்கத்தில், நடுக்குருத்தில், எங்கே பார்த்தாலும் வெள்ளையாக மாவு. 'அடப்பாவமே, ஃபிரிட்ஜ் உள்ளேயும் பூந்துடிச்சா!' என்று அவள் பதறினாள். ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடுகிற கதவு, நுழையாமல் என்ன செய்யும்? பாட்டில் துடைக்கிற மாயாவுக்கு இலையையும் துடைக்க வேண்டும் என்று எங்கே தெரியும், தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைத்துவிட்டாள், பாவம். ஸ்டானிஸ்லாஸின் பழைய பனியனைக் கிழித்து, கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பச்சைக் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல ஒவ்வொரு இலையாக முன்னும் பின்னும் துடைத்தாள். பதின்மூன்று இலை. துணியில் வெள்ளை வெள்ளையாக வந்தது.

பாட்டிலைத் துடைத்தால் துணி கறுப்பாகும். இது வெள்ளையாக வருகிறதே என்று அவள் கவனிக்காமல் இல்லை. குளிரில் சாம்பல் வெளுத்துவிடும்போல என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். துடைத்து முடித்ததும் இலைகள் பளபளவென்று கரும்பச்சையாக மின்னின. இவ்வளவு அழகான செடியை இத்தனை நாள் அழுக்காக வைத்திருந்தாளே என்றுகூட நினைத்தாள்.

அதிலிருந்து தினமும் பாட்டிலுக்கு முன்னால் செடி. முத்தம்மா ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"பெத்த புள்ளயக்கூட நீ இப்டி தொடச்சதில்லியே."

"அது தானா தொடச்சிக்கும். இதுக்குக் கை கீதா?"

குளிர்பானக் கம்பெனியின் சேல்ஸ்மேன் அருள்பிரகாசத்தால்தான் முதலில் தொல்லை வந்தது. ஃபிரிட்ஜ் கம்பெனி கொடுத்தது. அதில் கம்பெனி சரக்கைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்று காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது. மோர் பாக்கெட்டையே கண்டும் காணாமல் விட்டுக்கொண்டிருந்தவன், செடி மூன்று மாதம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"ஆன்ட்டி, ஐ லெவல்ல, மேல ரெண்டு தட்டுலயும், எங்க பாட்டில்தான் இருக்கணும். சூப்பர்வைசர் வந்தா ஃபிரிட்ஜத் தூக்கிடுவாரு."

"தூக்கிக்கினு போவட்டும். செடியையும் சேத்து உங்க ஆபீஸ்ல வச்சி, ரெண்டு வேள காத்து காட்டுவாரா, கேளு. அப்பால தூக்கலாம்."

அருள்பிரகாசம் சிரித்துவிட்டான். சூப்பர்வைசர் வருகிற நாளுக்கு முந்தின நாள் போன் பண்ணிச் சொல்வது என்றும், அன்றைக்கு மட்டும் தொட்டி எதிர்வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போவது என்றும் ஒப்பந்தமானது. போகப் போக அவனும் வந்ததும் முதலில் மேல் தட்டைத்தான் பார்ப்பான்.

செப்டம்பர் கடைசியில் அவன்தான் சொன்னான். "ஆன்ட்டி, இலையில ஏதோ பழுப்பா இருக்கே."

ஃப்ளோரா அதை ஒரு வாரத்துக்கு முன்பே பார்த்திருந்தாள். இலை விளிம்பில் தொடங்கி உள்ளே பரவுகிற பழுப்பு. துடைத்த இடத்தில் ஈரம் நின்று அழுகினாற்போலச் சில புள்ளிகள். பதின்மூன்று இலை ஒன்பதானது. இன்னும் கவனமாகத் துடைத்தாள். ஒன்பது ஆறானது.

மாயா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறாள், மழை ஓயவில்லை, ரோடு சரிந்து கிடக்கிறது என்பாள். கடைசியில் கேட்பாள். "செடி எப்டி கீது மம்மி?"

"நல்லா கீது."

"எப்ப வர்றே?" என்று இவள் கேட்பாள்.

"பாக்கலாம் மம்மி."

ஒரு ஞாயிறு மாயா செடியின் போட்டோ கேட்டாள். ஃப்ளோரா ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தாள். ஸ்டானிஸ்லாஸ் கூரையைப் பார்த்தார். கடைசியில், அவர் ஆகஸ்டில் எடுத்த படத்தையே அனுப்பிவைத்தார்கள். பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது. ஒரு வார்த்தை இல்லை. ஃப்ளோரா அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கக்கூட எழுந்து போகவில்லை. பொய் சொன்ன வாயால் வாங்கக் கூடாது என்று ராயபுரத்தில் அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பயமுறுத்திவைத்தது ஐம்பத்துநாலு வயதிலும் போகவில்லை.

அக்டோபர் நடுவில் மூன்று இலைதான் மிச்சம். அந்த ஞாயிறு மாயாவின் போன் வந்ததும், ஃப்ளோரா முந்திக்கொண்டு, "வீடியோவுல வா" என்றாள். ஸ்டூலில் ஏறி, தொட்டிக்கு நேராகப் போனைப் பிடித்தாள்.

"பாத்துக்கோ. இதான் கெதி. நான் பொய் சொன்னேன். அந்தப் போட்டோ நீ போனன்னிக்கு எடுத்தது."

"தெரியும் மம்மி," என்றாள் மாயா. "கண்ணாடியில பூ போட்ட திரை தெரிஞ்சிது. அத நான் கெளம்பின மறுநாளே கழட்டிட்டு, நீங்க வேற மாட்டிட்டதா பப்பா சொன்னாரு."

ஃப்ளோராவுக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாயா போன் திரையை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"மம்மி, எல மேல வெள்ளப் பவுடர் எங்க?"

ஒரு நல்ல செய்தியாவது சொல்ல இருக்கிறதே என்று ஃப்ளோரா நிமிர்ந்தாள். "சாம்பலா? அத ஒரு நாள்கூட வுடலியே. தெனம் காலைல தொடச்சிடுறேன். முன்னாடி, பின்னாடி, குருத்துக்கு உள்ள வரைக்கும்."

நெட்வொர்க் போய்விட்டதோ என்று போனைத் தட்டினாள்.

"மம்மி. அது சாம்பல் இல்ல. அது செடியோடது."

"இன்னா சொல்றே?"

"அதுவே போட்டுக்கும். வெயில் சுடாம, தண்ணி நிக்காம, குளிர் ஏறாம. எங்க ஊர்ல யாரும் தொடைக்க மாட்டாங்க. அதான் நான் சொல்லல. ஃபிரிட்ஜுக்குள்ள இருக்குறதையும் நீங்க தொடைப்பீங்கன்னு எனக்குத் தோணல."

ஃப்ளோரா ஸ்டூலிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தாள். இரண்டரை மாதமாக, தினம் தவறாமல், ஸ்டூல் போட்டு ஏறி, அந்தச் செடி போர்த்திக்கொள்ளப் போர்த்திக்கொள்ளப் பிடுங்கியிருக்கிறாள். அதுவும் எவ்வளவு ஆசையாக! அழுகை வந்தது. அவளுக்கு அழுகை வந்தால் கோபம்போல இருக்கும்.

"அன்னிக்கு நான் முத்தம்மாகிட்ட பேசினத நீ கேட்டியா, இல்லியா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு ஒரு வார்த்த திட்டியிருக்கக் கூடாதா? ரெண்டு பொட்டியையும் தூக்கிகினு பூட்டியே. நீ பூடுவியோன்னு பயத்துல சொன்னேன்டி. நீ இல்லாம எனக்கு இந்த வூட்ல சோறு எறங்கல."

மாயாவுக்குப் பின்னால் யாரோ அவள் பாஷையில் ஏதோ கேட்டார்கள், அவளும் ஏதோ பதில் சொன்னாள். பிறகு, "இனிமே தொடாதீங்க மம்மி," என்றாள். செடியைத்தான் சொன்னாள். "தண்ணி கீழேர்ந்து. காத்து ரெண்டு வேள."

"பொயச்சிக்குமா?"

"தெரில."

வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஃப்ளோராவுக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. காலையில் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே வருகிற கை, மேல் தட்டு வந்ததும் தானாக எழும்பும். ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் போட்டாள். தண்ணீர் வைக்கவும் எடுக்கவும் ஸ்டானிஸ்லாஸையே ஏவினாள். நவம்பரில் மிச்சமிருந்த மூன்று இலையும் சுருங்கிக் காய்ந்தன. தொட்டியில் ஜல்லிக்கு நடுவே சாம்பார் வெங்காயம் அளவுக்கு ஒரு முண்டு மட்டும் நின்றது. உயிர் இருக்கிறதா, போய்விட்டதா, எப்படிப் பார்ப்பது? தொட்டுப் பார்த்தால் தெரியும். தொடக் கூடாது.

மாயாவிடம் சொன்னாள். அங்கேயும் குளிர்காலத்தில் இப்படித்தான் ஒடுங்கும் என்றாள். செத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

டிசம்பரில் புயல் வந்தது. கரண்ட் போய் இரண்டு நாள் வரவில்லை. ஃபிரிட்ஜுக்குள் அதுவரை இருந்த குளிர் அரை நாளில் போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் ஸ்டானிஸ்லாஸ் அரை பார் ஐஸைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தொட்டியை வைக்க முத்தம்மா தன் தெர்மாகோல் மீன்பெட்டியைக் கழுவிக் கொடுத்தாள். கொடுத்தவள் சும்மா போகாமல் நின்றாள்.

"அடியில ஒரு வரிசை ஐஸு, மேல ஒரு வரிசை. மீன அப்டித்தான் போடுவோம். நாலு நாளானாலும் கெடாது."

"மேல வேணாம். சுத்தி மட்டும்." ஃப்ளோரா பெட்டியின் அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கினாள்.

"ஐயோ, தக்கைய எதுக்குப் புடுங்குற? ஜில் தண்ணி உள்ள நின்னாத்தான நல்லது."

"இது மீனில்ல முத்தம்மா. இதுக்குக் கால் நனைஞ்சா ஆவாது."

முத்தம்மா எட்டிப் பார்த்தாள். ஜல்லியும் அந்த முண்டும்தான் தெரிந்தது. "செடியே இல்லியேடி. வெறும் மண்ணுக்கா ஐஸ் வைக்கிற?"

"வெறும் மண்ணா இருந்தாலும் அவ வெச்சிட்டுப் போன மண்ணு," என்றாள் ஃப்ளோரா. முத்தம்மா அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை. போகும்போது, "கரண்ட் வர்ற வரைக்கும் பொட்டிய வச்சிக்கோ, எனுக்கு வேற கீது," என்றாள்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. மாயா வீடியோவில் பாதிரியார் மாதிரி எல்லோருக்கும் கைகாட்டினாள். சாலமன் பிரேசில் பக்கம் எங்கேயோ இருந்து பேசினான். ஃப்ளோரா எப்போது வருவாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் 'பாக்கலாம்' வரும், அதைத் தாங்க முடியவில்லை.

ஜனவரி பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலமே பாட்டில்களைத் துடைத்து அடுக்கி ஃபிரிட்ஜை மூடியிருந்தாள். காலையில் கடையைத் திறந்து, செடிக்குக் காற்று காட்டப் போனவள், என்னமோ தோன்றி, கொல்லைக்குப் போய் ஸ்டூலை எடுத்துவந்து ஏறினாள்.

முண்டு பிளந்திருந்தது. நடுவில் கூர்மையாக, உள்ளங்கையை இறுக்கி மூடினாற்போலச் சில குட்டி இலைகள். அதன்மேல் வெள்ளையாக மாவு.

அவள் கை தானாகத் தோளில் கிடந்த ஈரத்துணிக்குப் போனது. பாதியில் நின்றது. கீழ்த் தட்டில் நின்ற பன்னீர் சோடா பாட்டிலின் கழுத்தை விரலால் வழித்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. அடுத்த பாட்டிலை வழித்தாள். அதிலும் ஒன்றுமில்லை. மறுபடியும் மேல் தட்டைப் பார்த்தாள். பாட்டிலில் இல்லை, குருத்தில் இருக்கிறது.

"ஏங்க! இங்க வாங்க, ஓடியாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், ஸ்டானிஸ்லாஸ் ஷேவிங் சோப்போடு ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் கம்போடு வந்தார். ஸ்டானிஸ்லாஸ் படம் எடுத்தார். இந்தத் தடவை கண்ணாடிக் கதவை நன்றாகத் திறந்துவைத்து, பிரதிபலிப்பு விழாமல், மாவு தெரிகிற மாதிரி நாலு படம். அனுப்பினார்கள்.

பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பத்து மணி ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போனார்கள். அருள்பிரகாசம் வந்து, கேட்காமலே மேல் தட்டைப் பார்த்து, "ஆன்ட்டி!" என்று கத்தினான். அவனுக்கு ஒரு சோடா இலவசம். அவன் கம்பெனி சோடாதான். பன்னிரண்டு மணி ஆனது. ஃப்ளோரா போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செடி பிழைத்தால் வருவாள் என்று தானே போட்ட கணக்கு, அதில் மாயாவுக்கு என்ன சம்பந்தம் என்று முதன்முதலாக அவளுக்கு உறைத்தது.

மத்தியானம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஃப்ளோரா போனைக் காதில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மம்மி, ரோடு சரிஞ்சிக் கெடக்கு, டிக்கெட் போட டவுனுக்கு வந்தேன், அதான் லேட்டு. இருபத்தெட்டு செவ்வாக்கெழம சென்ட்ரல் வர்றேன். பப்பாவ ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க. ரெண்டு சூட்கேஸும் கீது, செடி டப்பாவும் கீது, என்னால தூக்க முடியாது. அம்மா இப்ப நல்லா நடக்குறாங்க, பனியத் தள்ளி இன்னொரு செடி தோண்டிக் குடுக்குறாங்க. ஃபிரிட்ஜில எடம் கீதா?"

ஃப்ளோரா அதை மூன்று தடவை கேட்டாள். ஸ்டானிஸ்லாஸிடம் போனை நீட்டி, "கீதுன்னு சொல்லுங்க," என்றாள்.

பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, இரண்டாம் தட்டில் நின்ற பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள். மற்றக் கடைகளை முடித்துவிட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த அருள்பிரகாசம் அதைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்தான்.

"ஆன்ட்டி, அது எங்க ஐ லெவல்!"

"செவ்வாக்கெழம எம் மருமவ வர்றா. அவகிட்ட கேளு," என்று சொல்லிவிட்டு, காலியான தட்டை ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். மேல் தட்டுக்குக் கையைக் கொண்டுபோகவில்லை.